எதிர்க்கரையிலிருந்து அம்மா எழுதுவது

ஓன்ஃப்ளூர், நார்மண்டி
செப்டம்பர், புதன்கிழமை, மாலை ஆறு மணி, மேற்குக் காற்று

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், உன் நலம் அறிய ஆவல். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கண்ணில் ஒரு படகு பட்டுவிட்டால் போதும், வலி எங்கே போகிறதென்றே தெரியவில்லை. உன் கப்பலில் புதுச் சமையல்காரர் ஏறிவிட்டாரா? பழையவர் வைக்கிற பருப்பில் உப்பே இல்லை என்று சொன்னாயே, அதுதான் கேட்கிறேன்.

தேதிக்குப் பக்கத்தில் காற்றையும் எழுதியிருக்கிறேனே, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறு.

போன தடவை உன் கப்பல் லெ ஹாவ்ருக்கு வந்தபோது என்ன பார்த்தாய் என்று போனில் கேட்டேன். "கிரேன் பார்த்தேன், மழை பார்த்தேன், வேறென்னம்மா பார்க்க விடுறாங்க" என்றாய். கண்டெய்னர் கப்பல் கரையில் நிற்பதே கொஞ்ச நேரம். அதற்குள் வாட்ச் டூட்டி, பேப்பர் வேலை, மிச்சமிருந்தால் தூக்கம். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீ நின்ற கரைக்கு எதிரே, செய்ன் நதி கடலில் சேரும் இடத்தின் தெற்குப் பக்கம், ஒரு சின்னத் துறைமுக ஊர் இருக்கிறது. அங்கேதான் எங்கள் படகு இன்றைக்குக் கட்டிக் கிடக்கிறது. ஊர் சுற்றிவிட்டு வந்து படுத்த அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. கேபின் ஜன்னலுக்கு வெளியே கரையிலுள்ள பொல்லார்டுக் கட்டையில் சுற்றிய கயிறு தெரிகிறது. நீ பார்க்காமல் போன கரையைப் பற்றி உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நீயும் அக்காவும் சீட்டு எடுத்துக் கொடுத்தபோது அப்பா என்ன சொன்னார்? "ஆத்துல போற போட்டுக்கு க்ரூஸ்னு பேரா?" பாரிஸில் ஏறிய அன்றைக்கும் அதே பேச்சுதான். அலை இல்லை, ஆட்டம் இல்லை, இரண்டு பக்கமும் மரமும் மாடும், இதற்கு ரயிலிலேயே போயிருக்கலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நேராக ஓடுவதென்றால் செய்ன் நதிக்குப் பிடிக்காது போலிருக்கிறது. வளைந்து வளைந்து, நேர்வழித் தூரத்தைப் போல இரண்டு மடங்கு சுற்றிக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது. காலையில் பார்த்த சுண்ணாம்புப் பாறையை மத்தியானம் இன்னொரு பக்கத்திலிருந்து பார்ப்போம்.

ரூவன் நகரம் வந்ததும் அப்பா மாறிவிட்டார். அங்கிருந்து கடலுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். ஆனாலும் கடல் கப்பல்கள் நதியில் ஏறி அதுவரை வருகின்றன, கோதுமை ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன. வயல்களுக்கு நடுவே ஒரு பல்க் கேரியர் சரக்குக் கப்பல் வந்துகொண்டிருந்தது. கரையில் மேய்ந்த மாடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அப்பா காபியை அப்படியே வைத்துவிட்டு மேல்தளத்துக்கு ஓடினார். நதியின் கடைசி மடைக்கதவு ரூவனுக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே முழுக்கக் கடலின் ஏற்றவற்றத் தண்ணீர். அதை அவர் பக்கத்தில் நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதிக்குக் கையை ஏற்றி இறக்கி விளக்கிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசைக்கே வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தத் தண்ணீரில் ஒரு காலத்தில் ஓதம் சுவர் மாதிரி எழும்பி நதியில் எதிரேறி வருமாம். அதைப் பார்க்கவே கரையில் கூட்டம் கூடுமாம். நதியைத் தூர்வாரி, இரண்டு பக்கமும் கரை கட்டிய பிறகு, 1960களோடு அது நின்றுபோய்விட்டது. அப்பாவுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கப்பலில் இருப்பவனுக்குச் சொல்கிற கதை இல்லை. இருந்தாலும் நீ சின்னப் பிள்ளையா என்ன. வழியில் வில்கியே என்று ஒரு கிராமம் வருகிறது. கப்பலுக்கு வழிகாட்டும் நதிப் பைலட்டுகள் ஒருவர் இறங்கி ஒருவர் ஏறும் இடமாக இருந்த ஊர். 1843 செப்டம்பர் 4ஆம் தேதி எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவின் மகள் லியோபோல்தீன் அங்கே படகு கவிழ்ந்து மூழ்கிப் போனாள். வயது 19. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளைக் காப்பாற்றப் பார்த்த கணவனும் போய்விட்டான். அப்பன்காரர் அப்போது தெற்கே எங்கோ பயணத்தில் இருந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை, சொல்ல வழியும் இல்லை. ஐந்து நாள் கழித்து ரோஷ்ஃபோர் என்ற ஊரில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தபோது அதில் படித்தார். எங்கள் வழிகாட்டி இதை மைக்கில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்து, இன்னும் கால் மணி நேரத்தில் மதிய உணவு தயார் என்றும் சொன்னார். கரையில் ஹ்யூகோவின் சிலை ஒன்று தண்ணீரைப் பார்த்து நிற்கிறது. எனக்கு அந்தச் சிலையைவிட அந்தப் பேப்பர்தான் மனதில் நின்றது. பெற்ற பிள்ளையைப் பற்றி, ஊரே படித்த பிறகு, காபிக் கடையில் படிப்பதா.

சரி, அதை விடு. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நார்மண்டிப் பாலத்துக்குக் கீழே வந்தோம். லெ ஹாவ்ர் போகும்போது உனக்கும் தூரத்தில் தெரிந்திருக்கும். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 856 மீட்டர். 1995இல் திறந்தபோது கேபிள் தாங்கும் பாலங்களில் இதுவே உலகத்திலேயே நீளமான நடு இடைவெளி. இந்தக் கணக்கெல்லாம் அப்பா சொன்னது. நான் பார்த்தது மேலே போன லாரிகளைத்தான், விளக்குப் போட்டுக்கொண்டு எறும்பு வரிசையாகப் போயின.

இனி ஊர். இன்று காலை வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை நடத்திப் போனார். நாங்கள் அரை மணி நேரம் கூடவே போய்விட்டு நழுவிவிட்டோம். ஓன்ஃப்ளூர் முழுவதும் ஒரு சின்னச் செவ்வகத் துறையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பெர் உத்தரவில், பழைய கோட்டைச் சுவரில் ஒரு பகுதியை இடித்து வெட்டியது. கோட்டையில் மிஞ்சியது வாயிலோரம் நிற்கும் ஒரு கல் கட்டடம் மட்டும்தான். அதன் சுவரில் ஷாம்ப்ளேன் என்ற கடலோடிக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1608இல் அவர் இங்கிருந்து புறப்பட்டுப் போய்த்தான் கனடாவில் கியூபெக் நகரத்தை நிறுவினார்.

துறையின் ஒரு பக்கத்து வீடுகளை நீ பார்க்க வேண்டும். ஒல்லி ஒல்லியாக, ஆறு ஏழு மாடி உயரத்துக்கு, தோளோடு தோள் நெருக்கி நிற்கின்றன. உச்சியிலிருந்து கீழ்வரை சாம்பல் நிறக் கற்பலகை பதித்த முகப்பு. பின்னாலேயே மேடு என்பதால் பல வீடுகளுக்கு இரண்டு ஊர் மாதிரி இரண்டு வாசல். கீழ்ப்பாதிக்காரர் துறைப் பக்கமாக நுழைவார். மேல்பாதிக்காரர் பின்தெருவிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குள் போய்விடுவார், அவருக்கு அதுதான் தரைத்தளம். ஒரே கட்டடத்தில் குடியிருந்தும் ஆயுசு முழுக்க ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்கலாம். அக்கா குடியிருக்கும் அபார்ட்மெண்டுக்கு இந்த ஏற்பாடு ரொம்பத் தேவை என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

இந்தப் பயணத்தில் பாதிப் பேர் தம்பதிகள். கைகோத்துக்கொண்டு நடக்கிறார்கள், ஒரே ஐஸ்கிரீமை இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிடுகிறார்கள். நானும் அப்பாவும் வழக்கம்போலப் பத்தடி இடைவெளியில் போகிறோம். அவர் எந்தக் கல்வெட்டையும் விடமாட்டார். எனக்கு நாலு படி ஏறினால் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும். அதனால் காலையிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: அவர் தூக்குப்பாலத்துக்கு, நான் மியூசியத்துக்கு, ஒரு மணிக்குக் கோயில் வாசலில் சந்திப்பது. சேர்ந்து பயணம் போகிறவர்கள் நாள் முழுக்கச் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பிரிந்து பார்த்தால்தான் சாப்பிடும்போது பேச விஷயம் இருக்கும்.

தூக்குப்பாலக் கதையை அவர் சொன்னபடியே சொல்கிறேன். பழைய துறைக்குள் தண்ணீரைத் தேக்கி வைக்க வாயிலில் கதவு உண்டு. வெளியே பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏழு மீட்டரைத் தாண்டுமாம். கதவு இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் பாய்மரப் படகெல்லாம் வற்றத்தில் சேற்றில் சாய்ந்துவிடும். அதனால் ஏற்றத்தை ஒட்டிய நேரத்தில் மட்டும் கதவைத் திறந்து பாலத்தைத் தூக்குகிறார்கள். அப்பா அந்த நேரத்துக்காகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காத்திருந்தாராம். மணி அடித்தது, ஆட்கள் நின்றார்கள், பாலம் எழுந்தது. ஒரு வெள்ளைப் படகு, அதில் ஒரு தாத்தாவும் ஒரு நாயும். தாத்தா ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கரையில் நின்றவர்களுக்கு வணக்கம் வைத்தபடி, சுவருக்கும் படகுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கொண்டுபோனார். "ஒரு ஃபெண்டர் உரசலைடி" என்று, படகு மோதாமல் பக்கத்தில் தொங்கவிடும் மெத்தையைச் சொல்லி, அப்பா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் துறைமுக வேலையை விட்டு வந்த பிறகு இப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை.

நதி கொண்டுவரும் வண்டல்தான் இந்த ஊரின் தலையெழுத்து. இங்கேயும் பக்கத்துத் துறையிலும் மண் மேவிக்கொண்டே போனதால்தான் 1517இல் எதிரே லெ ஹாவ்ரைப் புதிதாகக் கட்டினார்கள். அதன் பிறகும் ஓன்ஃப்ளூர் லேசில் விடவில்லை. நியூஃபவுண்ட்லாந்துக்குக் காட் மீன் பிடிக்கக் கப்பல் அனுப்பியது. அந்த மீனுக்கு வேண்டிய உப்பைக் கொட்டி வைக்க 1670இல் கட்டிய பெரிய கல் கிடங்குகளில் இரண்டு இன்னும் நிற்கின்றன, இப்போது உள்ளே கண்காட்சியும் கச்சேரியும் நடக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாக ஏற்றிப் போன கப்பல்களும் இந்தத் துறையிலிருந்து போயிருக்கின்றன. வழிகாட்டி உப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார், இதைப் பற்றி ஒரு வரி.

கப்பல்கள் எதிர்க்கரைக்குப் போன பிறகு ஓவியர்கள் வந்தார்கள். இப்போது எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு கேலரி. உண்மையைச் சொன்னால் பாதிக்கு மேல் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே பாய்மரப் படகு, ஒரே சூரிய அஸ்தமனம், நீலத்தில் வேண்டுமா சிவப்பில் வேண்டுமா என்று கேட்பது போல. துறையோரம் ஸ்டாண்ட் போட்டு வரைந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் மட்டும் வேறு மாதிரி. எல்லோரும் அந்த உயர வீடுகளை வரைவார்கள். இவர் அந்த வீடுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதிர்ப் பக்கத்து ஓட்டலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பையனை வரைந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அதுவும் பிடித்திருந்தது.

மியூசியத்துக்கு வருகிறேன். காற்று விஷயமும் இங்கேதான்.

யூஜேன் பூதான் என்று ஓர் ஓவியர், 1824இல் இந்த ஊரில் பிறந்தவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் பைலட். பிள்ளையும் பத்து வயதிலேயே இந்த ஊருக்கும் லெ ஹாவ்ருக்கும் நடுவே ஓடிய நீராவிப் படகில் வேலைக்குப் போய்விட்டான். நீ போன அதே தண்ணீர், தம்பி. அப்புறம் கரையேறி, லெ ஹாவ்ரில் ஸ்டேஷனரி விற்று, படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்து, பிறகு தானே வரைய ஆரம்பித்தார். அந்தக் கடையில்தான் ஒரு விடலைப் பையன் ஊர்ப் பெரியவர்களைக் கேலிச் சித்திரம் வரைந்து விற்றுக்கொண்டிருந்தான். பூதான் அவனைக் கூப்பிட்டு, வா, வெளியே போய் வரையலாம் என்றார். பையனுக்கு முதலில் இவர் படங்களைக் கண்டாலே பிடிக்காது, சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு நாள் போனான். அவன்தான் பின்னாளில் பெரிய ஓவியரான மோனே. தான் ஓவியன் ஆனதற்குக் காரணம் பூதான்தான் என்று மோனே பின்னால் சொல்லியிருக்கிறார்.

இந்த மியூசியத்தை 1868இல் தொடங்கியதிலும் பூதானுக்குப் பங்கு உண்டு, இன்றைக்கு அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் கடற்கரைச் சீமாட்டிகளை வரைந்த படங்கள் பிரபலம். நான் நின்றது அவற்றின் முன்னால் இல்லை. சின்னச் சின்னக் காகிதத்தில் வானத்தை மட்டும் வரைந்து வைத்திருக்கிறார். கீழே ஒரு விரல் அகலத்துக்குக் கடலோ மணலோ ஏதோ ஒன்று, மற்றதெல்லாம் மேகம். ஒன்றில் மேகத்தின் அடிவயிறு மட்டும் லேசாக மஞ்சள். இன்னொன்றில் சுண்ணாம்புக் கட்டியைப் படுக்க வைத்துத் தேய்த்த தடம் அப்படியே தெரிகிறது, காற்று இடமிருந்து வலமாகப் போயிருக்கிறது. அரை நிமிடத்தில் வரைந்திருப்பார் போல, அதற்கு மேல் அந்த மேகம் நிற்குமா?

இந்த மாதிரி நூற்றுக்கணக்கில் வரைந்து குவித்திருந்தாராம். 1859இல் கவிஞர் போதலேர் இந்த ஊரில் தன் அம்மா வீட்டில் வந்து தங்கியிருந்தபோது பூதானின் அறைக்குப் போய் அவற்றைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அந்த வருஷமே எழுதினார். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தேதி, நேரம், காற்று மூன்றும் குறித்திருக்கின்றனவாம். "8 அக்டோபர், நண்பகல், வடமேற்குக் காற்று" என்பது போல. அந்தக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்த்தாலும் என்ன பருவம், எத்தனை மணி, எந்தக் காற்று என்று சொல்லிவிடலாம் என்கிறார் போதலேர்.

இதைப் படித்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீ வாட்சில் இருக்கும்போது கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் லாக் புக் எழுதுகிறாயே, அதில் என்ன இருக்கும்? தேதி, நேரம், காற்று எந்தத் திசை, எத்தனை வேகம், கடல் எப்படி, மேகம் எவ்வளவு. போன லீவில் வந்தபோது நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். அதைக் கம்பெனிக்காக ஒவ்வொரு வாட்சிலும் தவறாமல் எழுதுகிறாய். எனக்கு என்ன வருகிறது? "நல்லா இருக்கேன் மா." அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் படம்.

கோபித்துக்கொண்டு எழுதவில்லை. நெட் சரியாகக் கிடைப்பதில்லை, கிடைக்கிற நேரத்தில் உனக்குத் தூக்கம், தெரியும். நல்லா இருக்கிறாய் என்பதும் தெரியும், இல்லாவிட்டாலும் அதையேதான் அனுப்புவாய் என்பதும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன். நல்லா இருக்கேன் என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எங்கே நிற்கிறாய், மணி என்ன, காற்று எங்கிருந்து அடிக்கிறது, இந்த மூன்றும் போதும். ஒரே வரி. மிச்சத்தை நானே வரைந்துகொள்வேன். அப்பாவிடம் மேப் இருக்கிறது, அவர் அதில் புள்ளி வைத்துவிடுவார், அவருக்கும் ஒரு வேலை. காற்று அதிகம் என்று எழுதினால் அம்மா பயப்படுவாள் என்று குறைத்து எழுதாதே. கணக்குப் பிள்ளை மாதிரி உள்ளதை உள்ளபடி எழுது.

ஒரு மணிக்குக் கோயில் வாசலில் அப்பா எனக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். புனித கத்தரீன் ஆலயம் முழுக்க மரம். பிரான்சிலேயே மரத்தால் கட்டிய கோயில்களில் பெரியது இதுதான். நூறாண்டுப் போர் முடிந்து, 15ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், கையில் இருந்த ஆட்களை வைத்துக் கட்டினார்கள். கையில் இருந்தவர்கள் கப்பல் தச்சர்கள். அவர்களுக்குத் தெரிந்தது கப்பல், அதனால் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த இரண்டு கப்பல்களின் உட்புறம். ஜனம் பெருகியதும் முதல் கப்பலுக்குப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அப்பா தூண்களின் அடியைக் காட்டினார். எல்லா ஓக் மரமும் ஒரே நீளத்துக்குக் கிடைக்கவில்லை. குட்டையான தூணுக்குக் கீழே கல்லை உயர்த்தி வைத்துச் சமாளித்திருக்கிறார்கள், நீளமானதற்குக் கல்லே இல்லை. ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனோம். ஐந்நூறு வருஷமாக யார் யாரோ கை வைத்து வைத்துச் சில இடங்களில் மரம் எண்ணெய் தேய்த்தது போல் மின்னுகிறது. மணிக்கூண்டைக் கோயிலோடு சேர்க்காமல் சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். மணியின் பாரத்தை மரக்கூரை தாங்காது, இடி விழுந்து தீப்பிடித்தாலும் கோயில் தப்பும். தச்சன் புத்தி என்றார் அப்பா.

சாப்பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். தெர்கூல் என்று அரிசி, பால், சர்க்கரை, பட்டை போட்டு, மண் சட்டியில் மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் வேகவைக்கிறார்கள். மேலே பழுப்பாக ஓர் ஆடை கட்டுகிறது, உள்ளே கரண்டி நிற்கிற பதம். அரிசியும் விளையாத, பட்டையும் விளையாத ஊரில் இது எப்படி என்று கேட்டால், எல்லாம் கப்பலில் வந்ததுதான். அப்பா மட்டிச் சிப்பி ஒரு சட்டி நிறையச் சாப்பிட்டார், அந்த வாசத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

எரிக் சாத்தி என்ற இசைக்காரர் 1866இல் பிறந்த வீட்டையும் மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே இறக்கை முளைத்த ஒரு பெரிய பேரிக்காய் இருக்கிறது. ஆளில்லாமல் தானே வாசிக்கும் வெள்ளைப் பியானோவும் இருக்கிறது. அப்பா ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டே முழுதும் பார்த்தேன்.

சாயங்காலம் ஆவதற்குள் குன்றின் மேலிருக்கும் மாதா சிற்றாலயத்துக்கு டாக்சியில் போய் வந்தோம். பழைய ஆலயம் நிலச்சரிவில் கடலோடு போய்விட, 1600க்கும் 1615க்கும் இடையே கட்டியது இப்போது இருப்பது. சின்னதுதான். மேலே அண்ணாந்தால் கூரையிலிருந்து கப்பல்கள் தொங்குகின்றன. கையால் செய்த சின்னக் கப்பல்கள், ஒவ்வொன்றிலும் கயிறு, பாய், கொடி எல்லாம் சரியாக இருக்கிறது. புயலில் பிழைத்து வந்தவர்கள் நேர்ந்துகொண்டு கொடுத்தவை. சுவர் முழுக்கப் பளிங்குப் பலகைகள், நன்றி மாதாவே, நன்றி மாதாவே என்று. பெந்தகோஸ்தே சமயத்தில் இங்கே கப்பல்காரர் திருவிழா நடக்கும். கடலை மந்திரிப்பார்கள், இந்த மாதிரிச் சின்னக் கப்பல்களைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வருவார்களாம். ஒரு கப்பலுக்குக் கீழே ரொம்ப நேரம் நின்றேன். கயிறு கட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் செய்தவர் பாய்மரத்தில் ஏறி இறங்கிய ஆள் என்று எனக்கே தெரிந்தது. ஓரிடத்தில் நூல் இற்றுப்போய், யாரோ புது நூல் போட்டு முடிந்திருந்தார்கள், நிறம் மட்டும் வேறு. உனக்கும் உன் கப்பலில் இருக்கும் எல்லோருக்குமாக இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அப்பா தன் பங்குக்கு உண்டியலில் சில்லறை போட்டார், இன்ஜின் ரூம் பையன்களுக்கு என்று தனியாகச் சொல்லி.

குன்றின் ஓரத்திலிருந்து பார்த்தால் நதிமுகம் முழுதும் தெரிகிறது. அந்தப் பக்கம் லெ ஹாவ்ர், நீ சொன்ன கிரேன்கள். ஒரு கண்டெய்னர் கப்பல் இழுபடகோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெயரைப் படிக்கப் பார்த்தார், தூரம் அதிகம். உன் கப்பல் இப்போது சூயஸுக்குக் கீழே எங்கோ இருக்கிறதென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அது தடுப்புச் சுவருக்கு உள்ளே போய் மறையும் வரை இருவரும் நின்றோம். டாக்சிக்காரர் நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை.

அடுத்த முறை லெ ஹாவ்ரில் அரை நாள் ஷோர் லீவ் கிடைத்தால் படுத்துத் தூங்காதே. பாலம் வழியாக இங்கே பஸ் ஓடுகிறது. வந்தால் மியூசியத்துக்குச் செவ்வாய்க்கிழமை போய் நிற்காதே, அன்றைக்கு மூடியிருக்கும். நேரம் குறைவென்றால் மரக்கோயிலை மட்டுமாவது பார், தூணின் அடியைப் பார். வெயில் அடித்தாலும் ஸ்வெட்டரை எடுத்துக்கொள். இந்த ஊர்க் காற்றை நம்ப முடியவில்லை. காலையில் தெற்கிலிருந்து வந்தது, இப்போது மேற்கு.

நாளைக் காலையில் படகு திரும்புகிறது. துறைக் கதவைத் திறக்கிற நேரத்துக்கு அப்பா அலாரம் வைத்திருக்கிறார், என்னையும் எழுப்புவாராம்.

உடம்பைப் பார்த்துக்கொள். டெக்கில் போகும்போது ஹெல்மெட் வாரை மாட்டிக்கொள்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: அப்பா எழுந்துவிட்டார், இதையும் சேர்க்கச் சொல்கிறார். ரூவனுக்கு ஏறி வந்த அந்தப் பல்க் கேரியர் பத்து மீட்டர் டிராஃப்டில், அதாவது அவ்வளவு ஆழம் தண்ணீருக்குள் அமிழ்ந்து, இருந்தது என்று அவர் சாதிக்கிறார். ஆற்றில் அவ்வளவு ஆழம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கிறேன். உன் சார்ட்டைப் பார்த்து யார் சொல்வது சரி என்று எழுது. மேசையில் அந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கும் இதில் பந்தயம் இருக்கிறது.